எல்லாரும் முப்பிடாதி வீட்டில்

மண்டபத்தில் உட்கார இடமில்லை. ஜன்னல் விளிம்பில் ஆள், மாடிப்படியில் ஆள், வாசலில் செருப்புக் குவியலை மிதித்துக்கொண்டு ஆள். நனைந்த சட்டை வாடையும் தோல் ஒட்டும் பசையின் வாடையும் மின்விசிறிக்கு அடியில் சுற்றிச் சுற்றி வந்தன. ஆனால் சுவரில் மாட்டியிருந்த திரை, கூட்டத்துக்கு ஏழெட்டுப் பேர்தான் வந்திருக்கிறார்கள் என்றது.

"நெட்டு இல்ல அண்ணாச்சி. மழைல்லா," என்றான் ஒருவன்.

"நெட்டு இல்லாமலாலே நீ இவ்வளவு நேரம் கிரிக்கெட்டு பாத்துக்கிட்டு இருந்த?" என்றார் தலைவர் ஆறுமுகநயினார். பழைய இரும்பு வியாபாரி. குரலும் அப்படித்தான்.

செயலாளர் இசக்கிதுரை மேஜை மேல் ஏறாத குறையாகக் கத்தினான். "எல்லாரும் போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கய்யா. 'வந்துவிட்டேன்' பட்டனை இன்னொருக்கா அமுக்குங்க."

அமுக்கினார்கள். ஒவ்வொரு போனிலிருந்தும் ஒரு பெண்குரல் சொன்னது: "நீங்கள் ஏற்கெனவே வந்திருக்கிறீர்கள்."

"ஏற்கெனவே வந்துட்டேங்குது. வரலன்னும் சொல்லுது. இது என்ன எழவு?"

கடைசி வரிசையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்த முப்பிடாதியம்மாள் திரையை எட்டிப் பார்த்தாள். இன்றைக்குக் கூட்டம் செல்லாவிட்டால் நாளைக்கு அவளுக்குத் தையல் மெஷின் போட இடம் கிடையாது.

தாராவியில் இந்தத் தெற்குச் சீமை மக்கள் நலச் சங்கத்துக்கு ஒரு கட்டடம் உண்டு. கீழே மண்டபம். மேலே நீளமான ஒரு கூடம். அதில் உறுப்பினர்கள் வரிசையாகத் தோல் தைக்கிற மெஷின் போட்டிருக்கிறார்கள். ஜன்னலோர இடம் நாகராஜுடையது. கல்யாணமான மறுவருஷத்திலிருந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து தோல் பைக்குக் கைப்பிடி தைத்தவள் முப்பிடாதி. பிறகு இரண்டாவது மெஷினும் அவள் ஓட்டினாள். ஆடி பிறந்த மூன்றாம் நாள் நாகராஜ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் போய்விட்டான்.

சங்கத்தில் ஆம்பிளைதான் உறுப்பினர். உறுப்பினர் செத்தால் அவர் இடம் அடுத்த பொதுக்குழு நாள் வரைக்கும் குடும்பத்துக்கு. பிறகு காத்திருக்கிற வரிசையில் அடுத்த ஆளுக்கு. இந்த விதியை மாற்றி, புருஷன் செத்தால் பெண்டாட்டி உறுப்பினராகலாம் என்று இசக்கிதுரை ஒரு தீர்மானம் கொண்டுவந்திருந்தான். நிறைவேற, உறுப்பினர்களில் பாதிக்கு மேல் வந்திருக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்குள் வராவிட்டால் கூட்டம் இல்லை. கூட்டம் இல்லையென்றாலும் பொதுக்குழு நாள் முடிந்தது முடிந்ததுதான். இடம் போய்விடும்.

வந்தவர்களை எண்ணுவது போன். அதற்கும் காரணம் இருந்தது. போன வருஷப் பொதுக்குழுவில் நவி மும்பையில் கோபர்கைரனேயில் வீட்டில் படுத்திருந்தவனுக்கெல்லாம் இங்கே அண்ணன் தம்பி கையெழுத்துப் போட்டார்கள். கையெழுத்துப் போட்டிருந்தவர்களில் இரண்டு பேர் அதற்கு முந்தின வருஷமே செத்தவர்கள். நாற்காலி பறந்தது. போலீஸ் வந்தது. அப்புறம்தான் செம்பூரில் ஒரு டிரஸ்ட், சங்கங்களுக்கு இலவசமாக ஆப் செய்து தருகிறது என்று கேள்விப்பட்டுப் போனார்கள். அங்கே வேலை பார்க்கிற ருக்கு மாட்டுங்காவில் வளர்ந்தவள், பாங்கியிலிருந்து ஓய்வு பெற்றவள், சம்பளம் வாங்காமல் வருகிறவள். சங்கம் கேட்டதையெல்லாம் கேட்டபடி செய்து கொடுத்தாள். இடத்துக்கு வந்து நின்றால்தான் 'வந்துவிட்டேன்' பட்டன் வேலை செய்யும். கிளம்பும்போது அதே இடத்தில் நின்று 'போய் வருகிறேன்' அமுக்க வேண்டும். பையன்களுக்குத் தமிழ் வாசிக்க வராது என்பதால் போன் வாய்விட்டும் சொல்லும். எத்தனை நிகழ்ச்சிக்கு வந்தான் என்று பார்த்து ஒவ்வொருவனுக்கும் நட்சத்திரம் விழும். நட்சத்திரம் குறைந்தவனுக்கு அடுத்த தேர்தலில் நிற்க முடியாது.

ருக்கு இப்போது மேடை ஓரத்தில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடியை நெற்றிக்கும் மூக்குக்குமாக ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள்.

"இருங்கோ, இருங்கோ. ஆப்ல கோளாறே இல்ல. நீங்க எல்லாரும் வந்திருக்கேள். ஆனா இங்க இல்ல."

"இங்க இல்லாம?" என்றார் ஆறுமுகநயினார்.

"வேற எடத்துல இருக்கேள். எல்லாரும் ஒரே எடத்துல." அவள் திரையை நெருங்கிப் படித்தாள். "முப்பிடாதியம்மாள் இல்லம்."

மண்டபம் முழுக்கத் திரும்பியது. முப்பிடாதி இடுப்பில் செருகியிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"என் வீட்லயா? நான் பூட்டிட்டுல்லா வந்தேன்!"

"ஓட்டுக்காக ஆளைக் கடத்துவாவன்னு கேள்விப்பட்டிருக்கேன்," என்றான் செல்வம் முன்வரிசையிலிருந்து. "மைனி கடத்தி வீட்லயே பூட்டி வச்சிட்டாவளே."

சிரிப்பு எழுந்தது. முப்பிடாதி சிரிக்கவில்லை. காத்திருக்கிற வரிசையில் முதல் ஆள் செல்வத்தின் மச்சினன். ஆனாலும் செல்வம் நாகராஜோடு ஒரே தட்டில் தின்றவன். பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்தவன். அவன் பேச்சை எந்தப் பக்கம் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"என் ரூம்ல நாலு பேரு சேர்ந்து உக்காந்தா காலை நீட்ட முடியாது," என்றாள். "அம்பூட்டு பேரும் அங்கன என்ன செய்யிதாவ?"

கேள்வி நியாயம்தான்.  ஒருவன் தன் போனைக் காதில் வைத்து, தானே அந்தப் பக்கம் பேசுவானோ என்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தான்.

ருக்குதான் நூலைப் பிடித்தாள். "அவாத்துக்காரர் காலமானப்போ ஒரு நிகழ்ச்சி போட்டிருக்கேள் இல்லையா, இசக்கிதுரை?"

"ஆமா மேடம். சாவு வீட்டுக்குத் துட்டி கேக்க வந்தவங்களுக்கும் ஸ்டார் உண்டுன்னு நம்ம கமிட்டில முடிவு பண்ணோம்ல?"

முப்பிடாதிக்கு நினைவு வந்தது. நாகராஜைக் குளிப்பாட்டி முடித்திருக்கக்கூட இல்லை. சந்து நிறைய ஆட்கள். ஒவ்வொருவரும் வந்ததும் ஒரு கையால் துண்டை வாயில் பொத்திக்கொண்டு, மறு கையால் போனை எடுத்து அமுக்கினார்கள். "வந்துவிட்டேன், வந்துவிட்டேன்" என்று ஒரு பெண் எங்கிருந்தோ சொல்லிக்கொண்டே இருந்தாள். யார் அவள், ஏன் அழாமல் பேசுகிறாள் என்று அந்த மயக்கத்திலும் முப்பிடாதிக்குத் தோன்றியிருந்தது.

"வந்தவா எல்லாரும் 'வந்துவிட்டேன்' அழுத்தியிருக்கேள்," என்றாள் ருக்கு. "ஆனா ஒருத்தர்கூட 'போய் வருகிறேன்' அழுத்தலையே. அதான் இன்னும் அங்கயே இருக்கறதா நெனச்சிண்டிருக்கு. அதுக்கப்புறம் ஆடின்னு ஒரு நிகழ்ச்சியும் போடல, அதனால வெளில தெரியல. ஏன் ஒருத்தரும்..."

பாதியில் நிறுத்திக்கொண்டாள். கையை நெற்றியில் வைத்தாள். அவள் வீட்டிலும் அதே வழக்கம்தான். சாவு வீட்டில் வா என்று கேட்கவும் மாட்டார்கள், வருகிறேன் என்று சொல்லவும் மாட்டார்கள். பேசாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும்.

"ஐயோ, மீட்டிங்குக்கும் கல்யாணத்துக்கும்னு நெனச்சுண்டு வெச்சேன். இது எனக்குத் தோணவே இல்லையே!"

"அப்ப அதை நீங்களே அங்கருந்து தூக்கி இங்க போட்டுருங்க மேடம்," என்றான் இசக்கிதுரை.

"முடியாதே. ஒருத்தரும் கை வைக்கப்படாது, நான்கூடன்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தேள்?"

"அந்த நிகழ்ச்சியை மூடிருங்க."

"ஆள் உள்ள இருக்கச்சே மூடாது. அதுவும் நீங்க கேட்டதுதான்."

"பட்டன்ல வார்த்தைய மாத்துனா?"

"வார்த்தையில என்னலே இருக்கு?" என்று உறுமினார் ஆறுமுகநயினார். "சொல்லிட்டுப் போறதே தப்புங்கேன். எந்த வார்த்தைய போட்டா என்ன?"

ஒரே வழிதான் இருந்தது. எல்லாரும் முப்பிடாதி வீட்டு வாசலுக்குப் போய் நின்று பட்டனை அமுக்கிவிட்டுத் திரும்பி வர வேண்டும். நடந்தால் ஐந்து நிமிஷ தூரம். ஆனால் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"துட்டி நடந்த வீட்டு வாசல்ல நின்னு போயிட்டு வாரேன்னு எவம்லே சொல்லுவான்? பரமசிவம் வீட்ல ஒரு கூறுகெட்டவன் அப்படித்தான் சொல்லிட்டுப் போனான். எட்டே நாள்ல பரமசிவம் தம்பி போயிட்டான்," என்றார் ஆறுமுகநயினார்.

"அவன் குடிச்சுல்லா செத்தான் அண்ணாச்சி."

"குடிச்சவன் எல்லாம் சாவுதானா? நீ குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கியே."

செல்வம் எழுந்து கைக்கடிகாரத்தைக் காட்டினான். "இங்க பாருங்க, நான் யாருக்கும் விரோதி இல்ல. சட்டம் நீங்க போட்டது. பன்னெண்டு மணிக்கு ஆள் இல்லன்னா கூட்டம் கலைஞ்சது. கையைத் தூக்கிக்கிட்டு எண்ணுனீங்கன்னா நான் மேல புகார் குடுப்பேன்."

"மனுசன் எல்லாம் கண்ணு முன்னால இருக்கானே அண்ணே," என்றான் இசக்கிதுரை.

"துட்டிக்கு வராதவன் மட்டும்தான் இன்னைக்கு வந்தவன். அதான உங்க ஆப்பு சொல்லுது?" என்றான் செல்வம்.

முப்பிடாதியின் மகள் மாரிசெல்வி மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள். செம்பூரில் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை. அவள் அம்மாவிடம் வந்து குனிந்தாள்.

"யம்மா, வரச்சொல்லும்மா. க்யா ஃபரக் படுத்தா ஹை? என்ன ஆயிரப்போவுது? சும்மா ஒரு பட்டன். இதுக்குப் போயி அப்பா மெஷினை விட்டுருவியா?"

முப்பிடாதி மகளைப் பார்த்தாள். வீட்டில் இனி இரண்டே பேர். வருகிறேன் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு சாவு திரும்பி வந்தால், இந்த இரண்டு பேரில் ஒருத்திக்குத்தான் வர வேண்டும். அதை அவள் நம்புகிறாளா என்று கேட்டால் நம்புகிறேன் என்று சொல்ல மாட்டாள். நம்பவில்லை என்று சொல்லவும் வாய் வராது. மெஷின் போனால் என்ன ஆகும் என்பதில் குழப்பமே இல்லை. தெருவில் உட்கார்ந்து அடுத்தவன் பைக்கு நூல் வெட்ட வேண்டும். ஆறு மாதத்தில் ரூம் போகும். அது கண்ணுக்குத் தெரிகிற சாவு. மற்றது தெரியாதது.

தெரிகிற ஒன்றையும் தெரியாத ஒன்றையும் எப்படி எடை போடுவது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. எழுந்து நின்றுவிட்டாள்.

"வாங்க," என்றாள். பொதுக்குழுவில் ஒரு பெண் பேசுவது அதுதான் முதல் தடவை. அவளுக்கே குரல் அந்நியமாகக் கேட்டது. "எல்லாரும் வாங்க. என் வீடு, நான் சொல்லுதேன். ஆனா எம் பொண்ணு அங்க வரமாட்டா."

"நான் ஏன் வரக்கூடாது?"

"நீ இந்தப் படியைத் தாண்டுன, காலை ஒடிச்சிருவேன். மேடம், இவளைப் பாத்துக்கிடுங்க."

மழை பிடித்துக்கொண்டது. சந்தில் இரண்டு குடை பக்கத்தில் பக்கத்தில் விரியாது. ஆட்கள் வரிசையாக, பேசாமல், தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்கள். அந்தக் கூட்டம் அப்படி நடந்து அக்கம்பக்கத்தார் பார்த்தது ஒரே ஒரு காரியத்துக்குத்தான், சாவுக்கு. மாவு மில்லில் நின்ற மதீனா பீவி தூக்குப் போணியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து முப்பிடாதியைக் கட்டிப்பிடித்தாள்.

"யாரு முப்பிடாதி? பிள்ளைக்கு ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணும் இல்லக்கா. பட்டன் அமுக்க வந்திருக்காவ."

"என்னத்த அமுக்க?"

முப்பிடாதிக்கு அதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை. அதற்குள் இரண்டு வீட்டில் அழுகை தொடங்கிவிட்டது. இசக்கிதுரை ஓடிப்போய், "யாரும் சாகல, யாரும் சாகல" என்று கதவு கதவாகச் சொல்லிவிட்டு வந்தான்.

அவள் வீட்டைத் திறக்கவில்லை. உள்ளே படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சொல்கிற சொல் உள்ளே போக வேண்டாம் என்று கதவில் முதுகைச் சாய்த்துப் படியில் நின்றுகொண்டாள். என்மேல் விழட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

முதலில் யார் என்று ஒருவரையொருவர் தள்ளினார்கள். இசக்கிதுரை சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அமுக்கினான்.

"போய் வருகிறேன்," என்றது போன், சந்து முழுக்கக் கேட்கும்படி.

கூட்டமே ஓர் அடி பின்வாங்கியது.

"சத்தத்தைக் கொறைல, மூதி!"

"கொறைய மாட்டேங்குது அண்ணாச்சி. வாசிக்கத் தெரியாதவனுக்குன்னு அதுவா கத்துது."

ஒருவன் போனைச் சட்டைக்குள் விட்டு அமுக்கினான். ஒருவன் ஸ்பீக்கரில் பெருவிரலை வைத்து அழுத்தினான். குரல் மூக்கடைத்தது போல வந்ததே தவிர நிற்கவில்லை. ஒரு பெரியவர், "என் ஓட்டுப் போனாப் போவுது, இந்தப் பாவம் எனக்கு வேண்டாம்" என்று குடையை மடக்கிக்கொண்டு போய்விட்டார். அவர் பின்னால் இன்னும் சிலர். முப்பிடாதி அவர்கள் முதுகைப் பார்த்தாள். தனக்கு நல்லது நினைத்துப் போகிறார்களா, கெட்டதா?

பிளாஸ்டிக் பிரிக்கிற குடோனில் வேலை பார்க்கும் ஒரு பையன்தான் வழி கண்டுபிடித்தான். பட்டனை அமுக்கியதும் அவசரமாகச் சொன்னான்:

"அக்கா, நான் சொல்லல. இது சொல்லுது. நான் வரவே மாட்டேன்."

அது எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. பிறகு கடகடவென்று நடந்தது. "போய் வருகிறேன்." "நான் சொல்லல மைனி, வரமாட்டேன்." "போய் வருகிறேன்." "இது போன்தான் தாயி, நான் இல்ல." ஒரு வாயில் வருகிறேன், ஒரு வாயில் வரமாட்டேன். ஆறுமுகநயினார் கண்ணை மூடிக்கொண்டு, குலசாமி கருப்பனைக் கூப்பிட்டு, கூட வந்த தன் பேரனிடம் போனைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். அமுக்கியவன் அமுக்கியவன் மண்டபத்தில் 'வந்துவிட்டேன்' அமுக்க ஓடினான்.  வாய் தவறிப் பதில் வந்துவிடக் கூடாதென்று முப்பிடாதி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

கூட்டம் கலைந்த சந்தின் கோடியில் செல்வம் வந்தான். நனைந்திருந்தான்.

"நீங்க வரமாட்டீங்கன்னுல்லா நெனச்சேன் அண்ணே."

"பன்னெண்டுக்கு முன்னாலயே பாதிக்கு மேல ஆயிடுச்சு, மண்டபத்துத் திரையில காட்டுது. இனி கூட்டம் நடக்கும்." அவன் போனைத் துடைத்தான். "நான் இங்க கெடந்தா எதுத்து ஓட்டுப் போட முடியாதுல்லா."

 அவன் கதவைப் பார்க்காமல், அவளையும் பார்க்காமல் அமுக்கினான்.

"போய் வருகிறேன்."

"சரிண்ணே, வாங்க," என்றாள் முப்பிடாதி.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. எத்தனை வருஷமாக இந்தப் படியில் நின்று இவனுக்குச் சொன்ன சொல். நாகராஜோடு தின்றுவிட்டுக் கிளம்பும்போதெல்லாம் சொன்னது.  செல்வத்தின் முகம் வெளுத்துப்போயிற்று. "என்ன மைனி இப்படிச் சொல்லிட்டீங்க," என்றான், ஏதோ அவள் அவனை அடித்துவிட்டது போல. பிறகு வேகமாக நடந்து போய்விட்டான்.

ஓட்டு ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. திரையில் பச்சைக் கோடு சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. யார் யார் எதில் என்று காட்டாது. அதுவும் சங்கம் கேட்டதுதான். செல்வம் எதில் போட்டான் என்று முப்பிடாதிக்குத் தெரியவில்லை. அவன் முடிவு வருமுன்பே எழுந்து போயிருந்தான். யாரோ கை தட்டினார்கள். தாலியறுத்தவளுக்கு இந்த மாதத்தில் கை தட்டலாமா என்று தெரியாமல் பாதியில் நிறுத்தினார்கள்.

"கங்க்ராஜுலேஷன்ஸ், முப்பிடாதியம்மா," என்று ருக்கு கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பட்டனை இன்னைக்கே எடுத்துடறேன். என்னை மன்னிச்சுக்கணும்."

"நீங்க என்ன செய்வீங்க மேடம்," என்றாள் அவள். உண்மையிலேயே யார் என்ன செய்தார்கள் என்று அவளுக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய பைகள் மேலே கிடந்தன. அவள் மாடியேறினாள். மாரிசெல்வி பின்னாலேயே வந்தாள்.

"நான் வீட்டுக்குப் போயி சோறு வடிக்கேம்மா. நீ இதை முடிச்சிட்டு வா."

"வேண்டாம். சீத்தா கேம்ப்புக்குப் போ, சித்தி வீட்டுக்கு. கொஞ்ச நாள் இரு."

"எதுக்கு? ஜெயிச்சாச்சுல்லா? இப்ப என்னை ஏன் வெரட்டுத?"

"வெரட்டல."

"பின்ன? அந்தப் பட்டனுக்கா? அவங்கதான் வரமாட்டேன்னு சொன்னாங்கன்னு இசக்கி மாமா சொன்னாவளே."

முப்பிடாதி நாகராஜின் மெஷினில் உட்கார்ந்து நூலைக் கோத்தாள். ஊசிக் கண்ணில் நூல் நுழையவில்லை. மாரிசெல்வி வாங்கிக் கோத்துக் கொடுத்தாள்.

"அவங்க வரமாட்டேன்னு சொன்னாவ. நான்தான் வாங்கன்னுட்டேன்."

"யாரை?"

"தெரியல." அவள் பக்கத்து மெஷினின் முக்காலியைக் காலால் இழுத்துப் போட்டாள். "சித்தி வீட்டுக்குப் போவலன்னா இங்கன இரு. என் கண்ணு முன்னால இரு."

"எவ்வளவு நேரம்மா?"

முப்பிடாதி தோலை ஊசிக்கு அடியில் தள்ளினாள். மெஷினை ஓட்டினாள். ஒரு கைப்பிடி முழுக்கக் கோணலாகப் போயிற்று. அதைப் பிரித்துவிட்டு, மகள் உட்கார்ந்துவிட்டாளா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே அடுத்ததை எடுத்தாள்.